தட்டுவடை செட்: பீட்ரூட் துருவலுக்கும் பச்சைச் சட்னிக்கும் ஒரு சத்துக் கணக்கு

சேலத்துத் தட்டுவடை செட்டைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் காரம், மொறுமொறுப்பு, கூட்டம், விலை ஆகிய நான்கையே சுற்றி வருகின்றன. உள்ளே வைக்கப்படும் பொருள்களின் சத்தை எடைபோட்டு எழுதப்பட்ட மதிப்புரை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. அம்மாபேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை, புதிய பேருந்து நிலையம் என்று நகரின் எந்தப் பகுதியில் மாலை வேளையில் நின்றாலும் கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கும் இந்தப் பண்டத்தில், எண்ணெயில் பொரித்த இரண்டு தட்டுவடைகளுக்கு நடுவே சமைக்காத பீட்ரூட்டும் சமைக்காத கொத்தமல்லியும் ஒன்றாக இடம்பெறுகின்றன. தெருவோரத் தின்பண்டங்களில் பச்சைக் காயும் பச்சை இலையும் இவ்வளவு வெளிப்படையாகச் சேர்வது அரிது. ஆகவே இவற்றில் எது எவ்வளவு தருகிறது என்று பார்ப்பது வெறும் பொழுதுபோக்காகாது.

வெளியூர் வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு சிறிய தட்டுவடையின் மேல் பச்சைச் சட்னியும் காரச் சட்னியும் தடவி, பீட்ரூட், கேரட் துருவலையும் பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் குவித்து, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடினால் ஒரு செட் ஆகிறது. பச்சைச் சட்னி என்பது கொத்தமல்லித் தழையும் பச்சை மிளகாயும் முதன்மையாக அரைக்கப்பட்டது. புதினா எவ்வளவு சேரும், புளிப்புக்கு எலுமிச்சையா மாங்காயா என்பதெல்லாம் வண்டிக்கு வண்டி மாறும். சிவப்பு நிறக் காரச் சட்னியில் மிளகாயும் பூண்டும் மேலோங்கி நிற்கும். அதற்கு இந்தக் கணக்கில் இடமில்லை.

பிள்ளைகளுக்கு இதை வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் பலர் மனத்துக்குச் சொல்லிக்கொள்ளும் சமாதானம் ஒன்று உண்டு: "உள்ளே பீட்ரூட்தானே இருக்கிறது, சாப்பிடட்டும், ரத்தம் ஊறும்." இந்தச் சமாதானம் பாதி சரி, பாதி தவறு. தவறான பாதியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புச்சத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த நிறம் பீட்டாலைன் என்னும் நிறமிகளின் வேலை. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணைப்படி நூறு கிராம் பச்சை பீட்ரூட்டில் இருக்கும் இரும்பு 0.8 மில்லிகிராம் மட்டுமே. அதே அட்டவணையில் நூறு கிராம் கொத்தமல்லித் தழைக்கு 1.77 மில்லிகிராம் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதாவது ரத்தத்துக்காக என்று நாம் பெயர் சொல்லிச் சாப்பிடும் சிவப்புக் காயைவிட, மணத்துக்காக என்று ஓரமாகத் தூவும் பச்சை இலையில் இரும்பு இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது. தழையில் உள்ள இரும்பும் தாவர வகை இரும்பே என்பதால் உடல் அதில் ஒரு சிறு பங்கைத்தான் ஈர்த்துக்கொள்ளும் என்பது வேறு விஷயம்.

சரியான பாதி ஃபோலேட் என்னும் பி வகை வைட்டமினில் இருக்கிறது. நூறு கிராம் பீட்ரூட்டில் 109 மைக்ரோகிராம் ஃபோலேட் உண்டு, கொத்தமல்லியில் 62தான். ரத்தச் சிவப்பணுக்கள் முறையாக உருவாவதற்கு இரும்பைப் போலவே ஃபோலேட்டும் தேவை என்பது நம் நாட்டிலேயே வெளிச்சத்துக்கு வந்த உண்மை. பம்பாயில் நெசவாலைத் தொழிலாளர்களான கர்ப்பிணிப் பெண்களைத் தாக்கிய ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், ஈஸ்ட் சாறு கொடுத்தால் அது குணமாகிறது என்று 1931ஆம் ஆண்டில் எழுதினார். அந்தச் சாற்றில் வேலை செய்த பொருள் ஃபோலேட் என்பது பின்னர் தெரியவந்தது. தறிச் சத்தம் இன்னும் ஓயாத அம்மாபேட்டையிலும் குகையிலும் பீட்ரூட் துருவலுக்குக் கிடைக்கும் மரியாதையை இந்தக் கோணத்தில் பார்த்தால், நம் பாட்டிமார் காரணத்தை மாற்றிச் சொன்னாலும் காயைச் சரியாகவே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. ஃபோலேட் வெப்பத்தில் சிதையும், வேகவைத்த தண்ணீரோடும் போகும். தட்டுவடைக்குள் பீட்ரூட் பச்சையாகவே வைக்கப்படுவதால் வீட்டுப் பொரியலில் இழப்பதை இங்கே இழப்பதில்லை.

பீட்ரூட்டின் இன்னொரு பலம் நைட்ரேட். வாயில் இருக்கும் நுண்ணுயிரிகள் இதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன, அது உடலுக்குள் நைட்ரிக் ஆக்சைடாகி ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. ரத்த அழுத்தம் சற்றுக் குறைவதற்கும் ஓட்டக்காரர்கள் பீட்ரூட் சாறு குடிப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் அந்தப் பயன் ஒரு குவளைச் சாற்றின் அளவில் பேசப்படுவது. தட்டுவடைக்குள் வைக்கும் ஒரு சிட்டிகைத் துருவலிடம் அதை எதிர்பார்ப்பது நியாயமல்ல. தவிர, நம் சட்னியிலும் துருவலிலும் போடப்படும் உப்பு அதற்கு எதிர்த்திசையில் வேலை செய்கிறது.

இனிக் கொத்தமல்லி. நூறு கிராமுக்கு நூறு கிராம் என்று தராசில் வைத்தால் இந்தத் தழை ஏறக்குறைய எல்லாவற்றிலும் முந்துகிறது. ஆற்றல் பீட்ரூட்டில் 43 கிலோ கலோரி, தழையில் 23. சர்க்கரை பீட்ரூட்டில் ஏறத்தாழ 7 கிராம், தழையில் ஒரு கிராமுக்கும் குறைவு. நார்ச்சத்து இரண்டிலும் 2.8 கிராம்தான். புரதம் பீட்ரூட்டில் 1.6, தழையில் 2.1. சுண்ணாம்புச்சத்து பீட்ரூட்டில் 16 மில்லிகிராம், தழையில் 67. பொட்டாசியம் பீட்ரூட்டில் 325, தழையில் 521. ரத்தம் உறைவதற்குத் தேவையான வைட்டமின் கே பீட்ரூட்டில் பெயருக்குக்கூட இல்லை. தழையிலோ 310 மைக்ரோகிராம். வைட்டமின் ஏ ஆக மாறக்கூடிய பீட்டா கரோட்டின் தழையில் நாலாயிரம் மைக்ரோகிராமை நெருங்குகிறது, பீட்ரூட்டில் சொல்லிக்கொள்ளும்படி எதுவுமில்லை. சிவப்பாக இருப்பதாலேயே பீட்ரூட்டைக் கேரட்டின் இனமாக எண்ணிக் கண்ணுக்கு நல்லது என்று சொல்பவர்கள் இந்த இடத்தைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

வைட்டமின் சி பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை தேவை. அமெரிக்க அட்டவணை கொத்தமல்லிக்கு 27 மில்லிகிராம் என்கிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய இந்திய அட்டவணையோ 135 என்கிறது. ஐந்து மடங்கு வேறுபாடு! ரகம், மண், பறித்து எவ்வளவு நேரமானது, ஆய்வுக்கூடத்தில் எந்த முறையில் அளந்தார்கள் என்று எல்லாமே இதில் விளையாடுகின்றன. பீட்ரூட்டுக்கு அவர்கள் முறையே 5, 10 என்ற அளவில் தருகிறார்கள். எந்த அட்டவணையை எடுத்தாலும் தழைதான் மேலே நிற்கிறது, எவ்வளவு மேலே என்பதுதான் கேள்வி.

இதுவரை சொன்னதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதினால் அது ஏட்டுச் சுரைக்காய். யாரும் நூறு கிராம் கொத்தமல்லியைத் தட்டுவடைக்குள் வைப்பதில்லை. ஒரு தட்டில் வரும் எல்லாச் செட்களிலும் சேர்த்துப் பீட்ரூட் துருவல் முப்பது கிராம் என்றும், பச்சைச் சட்னி பத்து கிராம் என்றும், தண்ணீரும் மிளகாயும் புளிப்பும் போக அந்தச் சட்னியில் இலை சரிபாதி, அதாவது ஐந்து கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். வண்டிகளில் பார்த்துப் பழகிய கண்ணளவுதான் இது, கை தாராளமாக இருந்தால் கூடும். இந்த அளவில் பீட்ரூட் தரும் ஃபோலேட் 33 மைக்ரோகிராம், இலை தருவது மூன்று. வயது வந்த பெண்ணுக்கு நாளொன்றுக்கு 220 மைக்ரோகிராம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்திருப்பதைக் கொண்டு பார்த்தால், ஒரு தட்டு செட்டில் ஆறில் ஒரு பங்கு கிடைத்துவிடுகிறது. தெருவோரத்தில் நின்று தின்னும் பண்டத்துக்கு இது நல்ல மதிப்பெண். இரும்பில் கதை வேறு: பீட்ரூட்டிலிருந்து 0.24, இலையிலிருந்து 0.09, ஆக மொத்தம் 0.33 மில்லிகிராம். பெண்ணுக்கு வேண்டியது 29. நூற்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டும் இந்த எண்ணை வைத்துக்கொண்டு ரத்தம் ஊறும் என்று சொல்வது யாருக்கும் அழகல்ல.

ஆனால் அந்த ஐந்து கிராம் இலையை அலட்சியப்படுத்தவும் முடியாது. அதில் வைட்டமின் கே மட்டும் 15 மைக்ரோகிராம் இருக்கிறது. பெண்களுக்கு நாளொன்றுக்கு 55, ஆண்களுக்கு 65 என்று உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை அமைப்பும் வகுத்திருப்பதால், சட்னியின் ஒரு தடவலே பெண்ணின் நாள் தேவையில் கால் பங்கைத் தாண்டிவிடுகிறது. வைட்டமின் சியில், அமெரிக்கக் கணக்குப்படி முப்பது கிராம் பீட்ரூட்டும் ஐந்து கிராம் இலையும் ஏறக்குறைய சமம். பழைய இந்தியக் கணக்குப்படி இலை இரண்டு மடங்குக்கு மேல். ஆறில் ஒரு பங்கு எடையில் இருந்துகொண்டு இப்படி ஈடுகொடுக்கும் பொருளைச் சட்னி என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். "அண்ணா, பச்சை கொஞ்சம் கூட வைங்க" என்று கேட்பதற்கு எந்த வண்டியிலும் தனிக்காசு வாங்குவதில்லை. கேட்டால் சட்னி மூன்று மடங்காகும், வைட்டமின் கே நாற்பத்தைந்தைத் தொடும், கரோட்டின் அறுநூறை நெருங்கும். இந்தப் பண்டத்தில் சத்தைக் கூட்டுவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை.

கேரட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. கரோட்டினில் அது கொத்தமல்லியையும் மிஞ்சும், நூறு கிராமில் எட்டாயிரம் மைக்ரோகிராமுக்கு மேல். சில வண்டிகளில் பீட்ரூட் துருவல் பாதி, கேரட் பாதி என்று கலந்து வைத்திருப்பார்கள். கிடைத்தால் அந்தக் கலவையையே வாங்குங்கள். வெங்காயம் சுவைக்கு.

இந்தப் பொருள்கள் ஒன்றுக்கொன்று துணைநிற்கும் விதம், தனித்தனி எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. பீட்டா கரோட்டினும் வைட்டமின் கேயும் கொழுப்பில் கரைபவை. கொழுப்பு உடன் இல்லாமல் வெறும் தழையைத் தின்றால் குடல் அவற்றைச் சரியாக ஈர்த்துக்கொள்ளாது. அரிசி மாவும் உளுந்து மாவும் பொட்டுக்கடலை மாவும் சேர்த்துப் பிசைந்து எண்ணெயில் பொரித்த தட்டுவடை அந்தக் குறையைத் தீர்த்துவைக்கிறது. சட்னியில் விழும் எலுமிச்சைச் சாறு துருவலிலும் இலையிலும் இருக்கும் சொற்ப இரும்பை உடல் ஏற்கும் வடிவில் வைத்திருக்க உதவுகிறது. அரைத்த இலையில் வைட்டமின் சி காற்றுப்பட்டு அழிவதையும் அந்தப் புளிப்பு மெதுவாக்குகிறது. இலை அரைபடுவதும் ஒருவகையில் நன்மையே, செல்சுவர் உடைந்து கரோட்டின் வெளிவருகிறது. இப்படிப் பார்த்தால் உணவியல் தெரிந்த யாரோ உட்கார்ந்து திட்டமிட்டதைப் போல இருக்கிறது. உண்மையில் நாக்கு போட்ட திட்டம்தான்.

நல்ல வண்டியையும் மோசமான வண்டியையும் பிரிப்பது இரண்டு பழக்கங்கள். முதலாவது, துருவலைப் பிழிவது. துருவிய பீட்ரூட் நேரம் ஆக ஆகச் சாறு விடும். தட்டுவடை நமுத்துப்போகாமல் இருக்க வேண்டும் என்று சிலர் துருவலை முன்கூட்டியே கையால் பிழிந்து சாற்றைக் கொட்டிவிடுகிறார்கள். பொட்டாசியம், ஃபோலேட், நைட்ரேட், நிறமி எல்லாமே தண்ணீரில் கரைபவை என்பதால், சாக்கடைக்குப் போகும் அந்தச் செந்நிறத் தண்ணீரோடு பீட்ரூட்டின் பெருமையும் போய்விடுகிறது. தட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் நார்தான். ஆர்டர் வரவர அப்போதைக்கப்போது துருவும் வண்டி கிடைத்தால் விடாதீர்கள். துருவல் ஈரமாகப் பளபளக்க வேண்டும், வெளிறிப் பஞ்சுபோல் உதிர்ந்தால் அது பிழிந்தது.

இரண்டாவது, சட்னியில் இலைக்குப் பதில் வேறொன்றைப் போடுவது. கோடையில் கொத்தமல்லி சீக்கிரமே பூவெடுத்துவிடுவதால் தழை வரத்து குறைந்து கட்டின் விலை ஏறும். அப்போது பொட்டுக்கடலையையும் தண்ணீரையும் கூட்டிச் சட்னியைப் பெருக்குவது வழக்கமாகிவிடுகிறது. புதினா சேர்த்து ஈடுகட்டினால் குறையொன்றுமில்லை, சுண்ணாம்புச்சத்தில் புதினா கொத்தமல்லியை மிஞ்சும். ஆனால் ஒரு கோடை மாலையில் நகரின் நடுப்பகுதியில், பெயர் சொல்ல விரும்பாத ஒரு வண்டியில் நான் சாப்பிட்ட செட்டில் சட்னி கண்ணைப் பறிக்கும் பச்சையாக இருந்தது. வாயில் வைத்தால் கொத்தமல்லியின் மணமும் இல்லை, புதினாவின் குளிர்ச்சியும் இல்லை, பொட்டுக்கடலைதான் வந்தது. புளிப்போடு சேர்ந்த இலைப் பச்சை நேரம் போகப் போகப் பழுப்பு கலந்து மங்குவதுதான் இயல்பு, பச்சையத்திலுள்ள மக்னீசியம் விலகுவதால் அப்படி ஆகிறது. இரவு ஒன்பது மணிக்கும் மங்காமல் மின்னும் சட்னியைக் கண்டால் எனக்குச் சந்தேகம் வருகிறது. அரைத்துச் சற்று நேரமாகி நிறம் கொஞ்சம் குறைந்த, ஆனால் மூக்கைத் துளைக்கும் மணமுள்ள சட்னியை நான் தயங்காமல் கேட்டு வாங்குவேன்.

சுத்தம் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் பச்சையாக உண்ணும் இரண்டு பொருள்களில் ஆபத்து கூடியது இலைதான். பீட்ரூட்டைத் தோல் சீவிவிடுகிறார்கள், மண் போய்விடும். கொத்தமல்லியின் வேரிலும் தண்டின் மடிப்பிலும் ஒட்டியிருக்கும் மண்ணைப் பலமுறை அலசினால்தான் போகும். சட்னியை மூடி வைத்திருக்கிறார்களா, தண்ணீரை எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள். மனம் ஒப்பாவிட்டால் வீட்டிலேயே செய்துகொள்ளலாம்: சூரமங்கலம், தாதகாப்பட்டி, அம்மாபேட்டை, அஸ்தம்பட்டி உழவர் சந்தைகளில் காலையில் கிடைக்கும் தழையும் பீட்ரூட்டும் போதும், தட்டுவடையை மட்டும் பலகாரக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். தழையை வேரோடு வாங்கித் தண்ணீரில் நிறுத்தி வைத்தால் மாலை வரை வாடாது. அரைக்கும்போது தடித்த அடித்தண்டைக் குறைத்து இலையைக் கூட்டுங்கள், கரோட்டின் இலையில்தான் செறிந்திருக்கிறது.

செட் வகைகளில் இந்தக் கணக்குக்கு மிகவும் ஒத்துவருவது எது என்று கேட்டால், நான் நொறுக்கலைச் சொல்வேன். தட்டுவடையையோ முறுக்கையோ கையால் உடைத்துப் போட்டு, துருவலையும் சட்னிகளையும் சேர்த்துக் கலக்கித் தருவதால், தடவுவதைவிடப் பச்சைச் சட்னி கூடுதலாகச் சேர்கிறது. முட்டை போட்ட நொறுக்கலில் புரதமும் சேர்ந்துவிடும். பூண்டு செட்டில் காரச் சட்னியின் கை ஓங்கிவிடுவதால் இலை பின்னுக்குப் போய்விடுகிறது. மாங்காய் செட் கிடைக்கும் பருவத்தில் அதன் புளிப்புக்காகவே அதை எடுத்துக்கொள்ளலாம்.

யாருக்கு இது வேண்டாம் என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின், அசினோகூமரால் போன்ற மாத்திரைகளை எடுப்பவர்கள் வைட்டமின் கேயைத் திடீரென்று கூட்டவோ குறைக்கவோ கூடாது; நான் மேலே சொன்ன மூன்று மடங்குச் சட்னி யோசனை அவர்களுக்குப் பொருந்தாது, மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆக்சலேட் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களுக்குப் பீட்ரூட் உகந்ததல்ல. சிலருக்குப் பீட்ரூட் சாப்பிட்ட மறுநாள் சிறுநீர் சிவந்து போகும். அது நிறமிதான், ரத்தமல்ல. பொரித்த தட்டுவடையின் எண்ணெயையும் உப்பையும் எவ்வளவு தழை போட்டாலும் ஈடுகட்ட முடியாது என்பதால், இதை வாரத்தில் ஓரிரு நாள் மாலைச் சிற்றுண்டியாக வைத்துக்கொள்வதே தகும்.

மதிப்பெண் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஐந்துக்குப் பீட்ரூட் துருவலுக்கு மூன்றரை: ஃபோலேட்டுக்காகவும், பச்சையாகவும் கணிசமான அளவிலும் தட்டில் வருவதற்காகவும். பச்சைச் சட்னிக்கு, இலை நிறைந்ததாக இருந்தால் நாலரை. பொட்டுக்கடலை நிறைந்ததாக இருந்தால் ஒன்று. இரண்டையும் வண்டியருகே நின்று உடனே சாப்பிட வேண்டும். பார்சல் வாங்குவதானால் துருவலையும் சட்னியையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டச் சொல்லி, வீட்டில் போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்றாகக் கட்டிய செட் வீடு வந்து சேர்வதற்குள் சாறு முழுவதையும் தட்டுவடை குடித்துவிட்டிருக்கும்.